பம்பாய் வகை முதல் வீக் டி வரை: அரிய ரத்த வகைகளை மரபணுச் சோதனையால் உறுதிசெய்யும் வழிமுறை

ரத்த வங்கிக்கு ஒரு நோயாளியின் மாதிரி வருகிறது. சிவப்பணுக்கள் ஆன்டி-ஏ, ஆன்டி-பி என்ற சோதனை ஆன்டிபாடிகள் இரண்டோடும் திரளாததால் ‘ஓ’ என்று எழுதிவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து ஓ வகைப் பைகளை எடுத்து, நோயாளியின் சீரத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் போடுகிறார்கள். முதல் பை பொருந்தவில்லை, இரண்டாவதும் பொருந்தவில்லை, கைவசம் உள்ள ஓ வகைப் பைகள் அத்தனையையும் நோயாளியின் சீரம் திரளச் செய்துவிடுகிறது. இன்று பம்பாய் வகை என்று அழைக்கப்படும் இந்தப் புதிரைத்தான் 1952இல் பம்பாயில் ஒய். எம். பெண்டேயும் அவருடன் பணியாற்றியோரும் ‘லான்செட்’ இதழில் விவரித்தார்கள். அன்று அவர்கள் கையில் இருந்தவை சோதனைக்குழாய்களும் சீரமும் மட்டுமே. இன்று அதே புதிரை டிஎன்ஏ வரை பின்தொடர்ந்து, எந்த மரபணுவில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று சொல்ல முடிகிறது.

குரூப்பிங், கிராஸ்மேட்ச் ஆகியவற்றில் கைபழகி, மூலக்கூறு ஆய்வகத்துக்குள் புதிதாகக் கால்வைக்கும் ரத்த வங்கி ஊழியர்களையும் முதுநிலை மாணவர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எல்லா ரத்த வகை அமைப்புகளையும் தொட்டுச்செல்வதைவிட, பம்பாய் வகை, ஆர்எச் அமைப்பின் டி ஆன்டிஜென் மங்கலாக வெளிப்படும் வீக் டி என்ற இரண்டு உதாரணங்களை முழுமையாக நடத்திக் காட்டுவதே பயன் தரும் என்று கருதுகிறேன். முதலாவது ஒரே எக்ஸானுக்குள், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் ஒரே துண்டுக்குள், அடங்கும் எளிய மரபணு. இரண்டாவது, தன்னைப் போலவே இருக்கும் இன்னொரு மரபணுவின் பக்கத்தில் அமர்ந்துகொண்டு நம்மை ஏமாற்றும் மரபணு. இரண்டையும் கற்றுக்கொண்டவருக்கு மற்றவை பெரும்பாலும் இவற்றின் கலவையாகவே தெரியும்.

கேள்வி சீராலஜியிலிருந்து வர வேண்டும்

பன்னாட்டு ரத்தமேற்றல் சங்கம் 2024 வரை 47 ரத்த வகை அமைப்புகளை ஏற்றிருந்தது. அவற்றுள் அடங்கும் ஆன்டிஜென்கள், அதாவது சிவப்பணுவின் மேலுள்ள அடையாளக் கூறுகள், முந்நூறுக்கும் மேல். ஆகவே ‘அரிதாக ஏதாவது இருக்கிறதா, பாருங்கள்’ என்ற குறிப்போடு அனுப்பப்படும் மாதிரிக்கு எந்த மூலக்கூறு ஆய்வகத்தாலும் உருப்படியான பதில் தர இயலாது. மரபணுச் சோதனை கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கான விடை அதே டிஎன்ஏவில் இருந்தாலும் அது கண்ணில் படாது. எனவே பிப்பெட்டைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, செல்களும் சீரமும் திரள்கின்றனவா என்று பார்க்கும் சீராலஜி மேசையில் கேள்வியைக் கூர்மையாக்குவதே.

நம் முதல் உதாரணத்தில் அந்த வேலை இப்படி நடக்கும். நோயாளியின் சீரத்தை வகை தெரிந்த செல்களோடு சேர்த்துப் பார்க்கும் ரிவர்ஸ் குரூப்பிங்கை ஏ, பி செல்களோடு நிறுத்தாமல் ஓ செல்களையும் சேர்த்துச் செய்யுங்கள். நோயாளியின் செல்களை மட்டும் சோதிக்கும் ஃபார்வர்டு குரூப்பிங்கோடு நின்றுவிடும் இடங்களில்தான் பம்பாய் வகையினர் ஆண்டுக்கணக்கில் ‘ஓ’ என்ற அடையாள அட்டையோடு நடமாடுகிறார்கள். நோயாளியின் சீரம் ஓ செல்களையும் திரட்டி, அவருடைய சொந்தச் செல்களை மட்டும் விட்டுவிட்டால், அதாவது ஆட்டோ கன்ட்ரோல் நெகட்டிவாக இருந்தால், எச் என்ற ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டி-எச் இருக்கிறதோ என்ற ஐயம் எழ வேண்டும். அடுத்ததாக, உலெக்ஸ் யூரோப்பியஸ் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுக்கப்படும், எச்சோடு ஒட்டும் புரதமான ஆன்டி-எச் லெக்டினோடு நோயாளியின் செல்களைச் சேர்த்துப் பாருங்கள். சாதாரண ஓ செல்கள் அதனோடு கெட்டியாகத் திரளும். பம்பாய் செல்கள் அசையாமல் இருக்கும். ஆட்டோ கன்ட்ரோல் பாசிட்டிவாக இருந்தால் பாதையே வேறு. அது தன்னெதிர் ஆன்டிபாடியைத் தேட வேண்டிய நேரம், மரபணுவைத் தேட வேண்டிய நேரமல்ல.

இதன் பின்னணியை ஒரு முறை தெளிவாகப் புரிந்துகொண்டால் பிற்பாடு வரும் படிகள் மனப்பாடமாக இல்லாமல் தர்க்கமாகத் தோன்றும். ஏ, பி ஆன்டிஜென்கள் வெறும் சிவப்பணுவின் மேல் நேரடியாக ஒட்டப்படுவதில்லை; எச் என்ற அடித்தளத்தின் நுனியில் ஒரு சர்க்கரையைச் சேர்ப்பதால் அவை உருவாகின்றன. சிவப்பணுவில் அந்த எச் அடித்தளத்தை அமைக்கும் நொதிக்கான மரபணு எஃப்யூடி1. எச்சில் முதலிய சுரப்புகளில் அதே வேலையைச் செய்வது எஃப்யூடி2. இரண்டும் 19ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ளன. எஃப்யூடி1இன் இரண்டு பிரதிகளும் செயலிழந்தால், ஒருவரிடம் முழுமையான ஏ அல்லது பி மரபணு இருந்தாலும் அதற்கு ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போய்விடும். எஃப்யூடி2வும் சேர்ந்து இல்லாதவர் செவ்வியல் பம்பாய் வகை. எஃப்யூடி2 மட்டும் வேலை செய்பவரின் சிவப்பணுக்களில் எச் இல்லாவிட்டாலும் எச்சிலில் இருக்கும், அவர் பாரா-பம்பாய் வகை. எச்சிலைக் கொதிக்க வைத்து, ஆன்டி-எச்சை அது தடுக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இந்த வேறுபாட்டை ஒரு மணி நேரத்தில் காட்டிவிடும். இவ்வளவும் முடிந்த பிறகு நம் கேள்வி கச்சிதமாகிவிடுகிறது: இந்த நபரின் எஃப்யூடி1 பிரதிகள் இரண்டும் எந்த மாற்றத்தால் செயலிழந்துள்ளன, எஃப்யூடி2 இருக்கிறதா, நீங்கிவிட்டதா?

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி அறுவை மேசையில் ரத்தம் இழந்துகொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கான விடைக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. ஆன்டி-எச் உடல் வெப்பநிலையிலும் வினைபுரிந்து சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது என்பதால், சீராலஜி முடிவே பம்பாய் வகை ரத்தத்தைத் தேடத் தொடங்கப் போதுமான ஆதாரம். மரபணுச் சோதனை பிறகு வரும் உறுதிப்பாடு.

மாதிரியும் டிஎன்ஏவும்

இடிடிஏ குழாயில் இரண்டு முதல் மூன்று மில்லிலிட்டர் ரத்தம் போதுமானது. ஹெப்பாரின் குழாயைத் தவிர்த்துவிடுங்கள். டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையின் நொதியை ஹெப்பாரின் தடுக்கும், பிறகு பட்டை வராததற்குக் காரணம் தேடி இரண்டு நாள் வீணாகும். சிவப்பணுக்களில் உட்கரு இல்லை என்பதால் நாம் எடுப்பது வெள்ளையணுக்களின் டிஎன்ஏ என்பதை நினைவில் வைத்திருந்தால், மாதிரியைப் பற்றிய மற்ற எச்சரிக்கைகள் தாமாகவே விளங்கும்.

அண்மையில் ரத்தம் ஏற்றப்பட்டவரிடம் சீராலஜி தடுமாறும், ஏனென்றால் குழாயில் இருப்பது இருவருடைய சிவப்பணுக்களின் கலவை. தலசீமியா நோயாளிகளிடம் இது அன்றாடச் சிக்கல். மரபணுச் சோதனை இங்கே பெரிதும் கைகொடுக்கும். கொடையாளியின் வெள்ளையணுக்கள் சொற்பமாகவே எஞ்சியிருக்கும் என்பதால் வழக்கமான பிசிஆர் நோயாளியின் மரபணு வகையையே காட்டும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரிடம் நிலைமை தலைகீழ். அவருடைய ரத்தத்தில் உள்ள டிஎன்ஏ, மஜ்ஜை கொடுத்தவருடையது. கன்னத்தின் உட்புறம் சுரண்டி எடுத்த மாதிரியிலும் வெள்ளையணுக்கள் கலந்திருப்பதால் அதுவும் முழு நம்பகமானதல்ல. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் ரத்தமேற்றல், கர்ப்பம், மாற்று அறுவை ஆகிய மூன்றின் விவரமும், முன்னோர் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி விவரம் ஏன் என்பது வீக் டி பகுதியில் புரியும்.

டிஎன்ஏ பிரிப்புக்கு சிலிக்கா வடிகுழல் கொண்ட ஆயத்தக் கிட்டுகளே இப்போது எங்கும் பயன்படுகின்றன. பிரித்தெடுத்த டிஎன்ஏவை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்து, 260, 280 நானோமீட்டர் அலைநீளங்களில் கிடைக்கும் உறிஞ்சல்களின் விகிதம் 1.8ஐ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெகுவாகக் குறைந்தால் புரதம் கலந்திருக்கிறது. குழாயில் பெயரும் எண்ணும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். மூலக்கூறு ஆய்வகத்தில் நேரும் பெரும்பிழை இயந்திரத்தில் அல்ல, குழாய் மாறிப்போவதில்தான் இருக்கிறது. இயன்றவரை அரிய முடிவு வந்த மாதிரிகளை இரண்டாவது முறை ரத்தம் எடுத்து உறுதிசெய்யுங்கள்.

பிசிஆருக்கு முந்தைய வேலையும் பிந்தைய வேலையும் வேறுவேறு அறைகளில் நடக்க வேண்டும்; பிப்பெட், கவுன், கையுறை எதுவும் பிந்தைய அறையிலிருந்து முந்தைய அறைக்குத் திரும்பக் கூடாது. ஒரு துளியில் கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கும்போது, காற்றில் தெறித்த நுண்துளி ஒன்றே அடுத்த வார நோயாளியின் முடிவை மாற்றப் போதும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது

முறைகளை விலை மலிவு, விலை உயர்வு என்று வரிசைப்படுத்துவதைவிட, ‘எனக்கு ஏற்கெனவே தெரிந்த மாற்றத்தைத் தேடுகிறேனா, தெரியாததைத் தேடுகிறேனா?’ என்ற கேள்வியால் இரண்டாகப் பிரிப்பதே பயன் தரும்.

தெரிந்ததைத் தேடும் முறைகளில் எளியது, அலீலுக்கென்றே, அதாவது மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கென்றே, வடிவமைத்த பிரைமர்களை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏ இழைகளை)ப் பயன்படுத்தும் பிசிஆர். ஆய்வகங்களில் இதை எஸ்எஸ்பி என்பார்கள். பிரைமரின் கடைசி எழுத்து மாற்றம் உள்ள இடத்தின் மேல் சரியாக அமரும்படி வடிவமைக்கப்படும், எழுத்து பொருந்தினால் நொதி நீட்டும், ஜெல்லில் பட்டை வரும், பொருந்தாவிட்டால் வராது. ‘பட்டை இல்லை’ என்பதே ஒரு முடிவாக இருப்பதால், அதே குழாயில் எல்லா மனிதரிடமும் இருக்கும் இன்னொரு மரபணுத் துண்டும் பெருக வேண்டும்; மனித வளர்ச்சி ஹார்மோன் மரபணு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டையும் காணவில்லை என்றால் அது ‘நெகட்டிவ்’ அல்ல, தோற்றுப்போன சோதனை. ஒளிரும் புரோப்புகள் கொண்ட ரியல்-டைம் பிசிஆர் இதே தர்க்கத்தை ஜெல் இல்லாமல் செய்கிறது. ஒரே ஓட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆன்டிஜென்களைக் கணிக்கும் நுண்மணிகளை அடிப்படையாகக் கொண்ட அரே சோதனை ஒன்றுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் அனுமதி வழங்கியது. நூற்றுக்கணக்கான கொடையாளிகளைச் சலித்து, அரிய வகையினரைப் பட்டியலிட அரே சிறந்தது. ஆனால் அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அச்சிட்ட வினாத்தாள் போன்றதுதான். தாளில் இல்லாத வினாவை அது கேட்காது.

தெரியாததைத் தேட, டிஎன்ஏவின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வரிசையாக்கம் வேண்டும். ஒரே மரபணு என்றால் சாங்கர் முறை. பல மரபணுக்கள் என்றால் அடுத்த தலைமுறை வரிசையாக்கம். புதிதாக வருபவர்கள் பலர் நேரே பெரிய இயந்திரத்திடம் போக விரும்புவதைக் காண்கிறேன். என் கருத்தில் சாங்கர் வரைபடத்தை ஐம்பது முறையாவது கண்ணால் படித்துப் பழகாதவர், மென்பொருள் தரும் பட்டியலை நம்பவும் கூடாது, சந்தேகிக்கவும் அவரால் முடியாது.

பம்பாய் மாதிரியை நடத்துதல்

எஃப்யூடி1இன் புரதத்துக்கான பகுதி முழுவதும் ஒரே எக்ஸானில் 1,098 எழுத்துகளாக அமைந்திருப்பது நம் நல்லூழ். அந்தப் பகுதிக்கு இருபுறமும் சற்று வெளியே பிரைமர்களை வைத்தால் ஒரே பிசிஆரில் முழுவதையும் பெருக்கிவிடலாம். வரிசையாக்கத்தை மட்டும் இரண்டு, மூன்று உள் பிரைமர்களால் துண்டு துண்டாகச் செய்ய வேண்டியிருக்கும். பிரைமரை வடிவமைக்கும்போது ஒரு பொறியைக் கவனியுங்கள்: எஃப்யூடி2வும், அதன் அருகே கிடக்கும் செக்1 என்ற செயலற்ற போலி மரபணுவும் எஃப்யூடி1ஐ ஒத்த வரிசைகளைக் கொண்டவை. வேறுபடும் எழுத்துகளின் மேல் பிரைமரின் முனை விழாவிட்டால், நீங்கள் படிப்பது வேறொரு மரபணுவாகிவிடும்.

பெருக்கிய துண்டை அகரோஸ் ஜெல்லில் ஓட்டி ஒரே ஒரு பட்டை, எதிர்பார்த்த அளவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வரிசையாக்கத்துக்கு அனுப்புங்கள். ஓட்டத்தில் மூன்று கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும்: இயல்பான எச் உள்ள ஒருவருடைய டிஎன்ஏ, மாற்றம் உறுதியான ஒருவருடைய டிஎன்ஏ, டிஎன்ஏவே சேர்க்காத வெற்றுக் குழாய். வெற்றுக் குழாயில் மங்கலாகவேனும் பட்டை தெரிந்தால் அந்த ஓட்டம் முழுவதும் குப்பைக்குப் போக வேண்டும். ‘மங்கல்தானே’ என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

இந்தியாவின் செவ்வியல் பம்பாய் மாதிரிகளில் முதலில் பார்க்க வேண்டியது எஃப்யூடி1இன் 725ஆம் இடம். அங்கே தைமின் இருக்க வேண்டிய இடத்தில் குவானின் வந்தால், நொதியின் 242ஆம் அமினோ அமிலம் லூசினிலிருந்து அர்ஜினினாக மாறி, நொதி செயலிழக்கிறது. இதோடு ஒரே குரோமோசோமில் சேர்ந்து பயணிப்பது எஃப்யூடி2 முழுவதையும் விழுங்கிய, ஏறத்தாழ பத்தாயிரம் எழுத்து நீளமுள்ள நீக்கம். இரண்டும் சேர்ந்தே மரபுவழி வருவதால்தான் இந்தியப் பம்பாய் வகையினர் பெரும்பாலும் எச்சிலிலும் எச் இல்லாதவர்களாக இருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் காணப்படும் எச் குறைவில் எஃப்யூடி1இன் 349ஆம் இடத்தில் வேறொரு மாற்றம் உண்டு. சீனர்களிடையே காணப்படும் பாரா-பம்பாய் வகைகளில் 551, 881 ஆகிய இடங்களை ஒட்டி இரண்டிரண்டு எழுத்துகள் நீங்கியிருக்கும். ஆகவே 725ஐ மட்டும் தேடும் எஸ்எஸ்பி சோதனை நம் ஊர் மாதிரிகளுக்குச் சிக்கனமான முதல் படியாகலாம். அது நெகட்டிவாக வந்தால் ‘பம்பாய் அல்ல’ என்று எழுதாமல், முழு எக்ஸானையும் வரிசையாக்கத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

எஃப்யூடி2 நீக்கத்தைக் கண்டறிவதில் புதியவர்கள் வழுக்குவது வழக்கம். எஃப்யூடி2 பிரைமர்களுக்குப் பட்டை வரவில்லை, எனவே மரபணு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பட்டை வராததற்கு மோசமான டிஎன்ஏ, மறந்துபோன மக்னீசியம், பழுதான பிரைமர் என்று பத்துக் காரணங்கள் இருக்கலாம். நீக்கத்தின் இரு கரைகளிலும் பிரைமர் வைத்து, இடையிலுள்ள பகுதி போனால் மட்டுமே குட்டையான பட்டை தோன்றும்படி அமைக்கும் சந்திப்புப் பிசிஆர்தான் நேர்மறைச் சான்று. மேலும், ஒரு பிரதியில் மட்டும் நீக்கம் உள்ளவரை, மற்றப் பிரதியிலிருந்து பட்டை வந்துவிடுவதால், சாதாரணப் பிசிஆர் காட்டிக்கொடுக்காது. சந்திப்புப் பிசிஆர் அவரையும் காட்டும்.

வீக் டி: இரட்டையர் வீட்டில் ஒருவரைத் தேடுவது

டி ஆன்டிஜெனுக்கான ஆர்எச்டி, சி, இ ஆன்டிஜென்களுக்கான ஆர்எச்சிஇ ஆகிய மரபணுக்கள் இரண்டும் முதல் குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று எதிர்நோக்கிய திசையில், ஒவ்வொன்றும் பத்து எக்ஸான்களோடு அமைந்துள்ளன. வரிசையில் மிக நெருங்கிய ஒற்றுமை இருப்பதால் பரிணாமத்தின் போக்கில் இவை துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு கலப்பு மரபணுக்களை உண்டாக்கியிருக்கின்றன. ஐரோப்பியரிடையே டி-நெகட்டிவ் என்பது பெரும்பாலும் ஆர்எச்டி முழுவதும் நீங்கியிருப்பதே. ஆனால் ஆப்பிரிக்க மரபினரிடம் 37 எழுத்துகள் இரட்டித்து முடங்கிப்போன ஆர்எச்டி போலி மரபணு உண்டு. கிழக்கு ஆசியரிடம் 1227ஆம் இடத்து மாற்றத்தால் உண்டாகும் டெல் வகை உண்டு. அதில் ஆன்டிஜென் மிக மிகச் சொற்பமாக இருப்பதால் வழக்கமான சோதனையில் நெகட்டிவாகவே தெரியும். ஆகவே ஆர்எச்டியின் ஒரே எக்ஸானைப் பார்த்து ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று சொல்லும் சோதனையை நோயாளிக்குப் பயன்படுத்தாதீர்கள். குறைந்தது இரண்டு, மூன்று வெவ்வேறு எக்ஸான்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

ஆன்டி-டியோடு மங்கலாகவோ, அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டோ வினைபுரியும் மாதிரிதான் நம் இரண்டாவது உதாரணம். இங்கே கேள்விக்கு நேரடி மருத்துவப் பயன் இருக்கிறது. வீக் டி 1, 2, 3 ஆகிய வகையினரை டி-பாசிட்டிவாகவே நடத்தலாம் என்று 2015இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. அப்படியானால் அவ்வகையைச் சேர்ந்த கர்ப்பிணிக்கு ஆன்டி-டி ஊசி தேவையில்லை, டி-நெகட்டிவ் பைகளும் அவருக்காகச் செலவாக வேண்டியதில்லை. பார்ஷியல் டி வகையினரிடம் ஆன்டிஜெனின் ஒரு பகுதியே இல்லாததால் அவர்கள் ஆன்டி-டியை உருவாக்கக்கூடும். அவர்களை டி-நெகட்டிவாக நடத்துவதே பாதுகாப்பு. குழாயில் இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். டிஎன்ஏ பிரித்துக் காட்டும்.

ஐரோப்பியக் கிட்டுகள் இந்த மூன்று வகைகளையும் முதலில் தேடும்: 809ஆம் இடம், 1154ஆம் இடம், 8ஆம் இடம். ஐரோப்பாவில் வீக் டி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இம்மூன்றுக்குள் அடங்குவதால் அது சரியான தொடக்கம். அதே கிட்டை இந்திய மாதிரிகளில் ஓட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக நெகட்டிவ் வரும். மும்பையில் உள்ள தேசிய நோய்த்தடுப்புக் குருதியியல் நிறுவனமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இணைந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைக் காட்டியது: இந்தியரிடையே மேலோங்கி இருந்தது, மூன்றாம் எக்ஸான் இரட்டித்த ஒரு புதிய அலீல், அதற்கு இப்போது வீக் டி 150 என்று எண். முன்னோரின் பகுதியைப் படிவத்தில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த அலீலில் முறை பற்றிய பாடமும் அடங்கியிருக்கிறது. சாங்கர் வரிசையாக்கம் பத்து எக்ஸான்களையும் படித்தாலும் எல்லா எழுத்துகளும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் எந்த எழுத்தும் மாறவில்லை, ஒரு பத்தி இரண்டு முறை அச்சாகியிருக்கிறது. அதைக் காண, ஒவ்வொரு எக்ஸானும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் முறை வேண்டும். எம்எல்பிஏ, அளவறி பிசிஆர் ஆகியவை அந்த வேலையைச் செய்யும். எனவே வீக் டி மாதிரிக்கு என் வரிசை இது: முதலில் 1, 2, 3க்கான எஸ்எஸ்பி, இந்திய மரபினர் என்றால் அதோடு எக்ஸான் 3 இரட்டிப்புக்கான சோதனை, இரண்டும் வெறுமையானால் பத்து எக்ஸான்களின் சாங்கர் வரிசையாக்கமும் பிரதி எண்ணிக்கையும். சாங்கருக்கான பிரைமர்களை எக்ஸான்களுக்கு இடைப்பட்ட இன்ட்ரான்களில், ஆர்எச்சிஇயோடு வேறுபடும் எழுத்துகளின் மேல் வைக்க வேண்டும்.

அடுத்த தலைமுறை இயந்திரத்தில் இந்த இரட்டையர் சிக்கல் வேறு வடிவில் வரும். ஆர்எச்சிஇயின் பெரிய சி (C) அலீலில் இரண்டாம் எக்ஸான், ஆர்எச்டியின் இரண்டாம் எக்ஸானோடு அச்சு அசலாக ஒத்திருக்கும். நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளாகப் படிக்கும் இயந்திரத்தின் மென்பொருள் அந்தத் துண்டுகளை ஆர்எச்டியின் மேல் கொண்டுபோய்ப் பொருத்திவிடும். பெரிய சி ஆன்டிஜெனைக் கணிக்க, அந்த அலீலின் இரண்டாம் இன்ட்ரானில் உள்ள 109 எழுத்துச் செருகலைத் தனியே தேடுவது நம்பகமானது. நீண்ட இழைகளைப் படிக்கும் நானோபோர் போன்ற முறைகள் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தவிர்க்கின்றன. மற்றொரு வியப்பான பொறி: பலரும் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திய எச்ஜி19 என்ற மேற்கோள் மரபுத்தொகுதியிலேயே ஏபிஓ மரபணு ஓ அலீலாக, 261ஆம் இடத்துக் குவானின் நீங்கியதாக இருக்கிறது. அதைத் தெரியாமல் ‘மேற்கோளிலிருந்து மாறுபாடு இல்லை’ என்பதை ‘இயல்பான ஏ’ என்று படித்துவிட்டால் கதை கந்தலாகிவிடும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் அந்த இயந்திரங்களின் வலிமையை மறுப்பதற்கில்லை. குவாதலூப் தீவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மாதிரியில் 2011இல் கண்டறியப்பட்ட விடைகாணா ஆன்டிபாடி, 2019இல் தொடங்கிய வரிசையாக்கத்தால் பிஐஜிஇசட் என்ற மரபணுவுக்கு இட்டுச் சென்று, 2025இல் 48ஆவது ரத்த வகை அமைப்பாக ஏற்கப்பட்டது. தெரிந்ததைத் தேடும் எந்தக் கிட்டும் அங்கே போயிருக்க முடியாது.

முடிவைப் படித்தல்

சாங்கர் வரைபடத்தில் முதல் முப்பது, நாற்பது எழுத்துகள் நம்பத்தக்கவை அல்ல. ஒரே இடத்தில் ஏறத்தாழச் சம உயரத்தில் இரண்டு முகடுகள் தெரிந்தால் இரண்டு பிரதிகளும் வேறுபடுகின்றன என்று பொருள். அதை எதிர்த்திசை வாசிப்பிலும் கண்ட பிறகே எழுதுங்கள். அலீலின் பெயரைப் பன்னாட்டு ரத்தமேற்றல் சங்கம் வெளியிடும் அட்டவணைகளிலிருந்தே எடுக்க வேண்டும். பழைய கட்டுரைகளின் பெயர்களும் எண்களும் பல இடங்களில் மாறியிருக்கின்றன.

ஒரே மரபணுவில் இரண்டு மாற்றங்கள், இரண்டும் ஒற்றைப் பிரதியில் என்றால், அவை ஒரே குரோமோசோமில் உள்ளனவா, எதிரெதிர்க் குரோமோசோம்களில் உள்ளனவா என்ற கேள்வி எழும். எஃப்யூடி1இல் இரண்டும் ஒரே குரோமோசோமில் இருந்தால் மற்றது நலமாக இருந்து எச் உருவாகும். எதிரெதிரே இருந்தால் உருவாகாது. வரிசை மட்டும் இதைச் சொல்லாது. பெற்றோரின் மாதிரி சொல்லும், நீண்ட இழை வாசிப்பு சொல்லும். அவை எதுவும் இல்லாதபோது உலெக்ஸ் லெக்டின் குழாயே சொல்லிவிடும்.

மரபணு வகை ஒன்றைச் சொல்ல, சிவப்பணு வேறொன்றைச் சொல்லும் நேரங்களும் உண்டு. டஃபி என்ற ரத்த வகை அமைப்பில் 125ஆம் இடத்தை மட்டும் பார்த்தால் எஃப்ஒய்பி ஆன்டிஜென் இருப்பதாகக் கணிப்பு வரும். ஆனால் மரபணுவுக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில், மைனஸ் 67ஆம் இடத்தில் தைமின் சைட்டோசினாக மாறியிருந்தால், சிவப்பணுவில் மட்டும் அந்த ஆன்டிஜென் தோன்றாது. மற்றத் திசுக்களில் தோன்றும். ஆப்பிரிக்க மரபினரிடம் இது மிகப் பரவலானது. திசுக்களில் இருப்பதால் அவர்கள் ஆன்டி-எஃப்ஒய்பியை உருவாக்குவதில்லை, எஃப்ஒய்பி உள்ள ரத்தத்தையும் பெறலாம். ஏபிஓவில் ஆறாம், ஏழாம் எக்ஸான்களை மட்டும் படிப்பவர்கள், ஜப்பானியரிடம் காணப்படும், பி ஆன்டிஜென் மிகக் குறைந்த பிஎம் வகையைத் தவறவிடுவார்கள். அதன் காரணம் முதல் இன்ட்ரானில் நீங்கிப்போன 5.8 ஆயிரம் எழுத்துகளில் இருக்கிறது. முரண்பாடு தென்பட்டால் முதலில் மாதிரி மாறியதா என்றும், அடுத்து பிரைமர் அமரும் இடத்தில் வேறொரு மாற்றம் இருந்து ஒரு பிரதி பெருகாமல் போயிற்றா என்றும் பாருங்கள். அதன் பிறகே புதிய அலீல் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுங்கள்.

அறிக்கையும் குடும்பமும்

அறிக்கையில் ‘பம்பாய் வகை’ என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எந்த மரபணுவின் எந்தப் பகுதி, எந்த முறையால் படிக்கப்பட்டது, என்ன மாற்றம் எத்தனை பிரதியில் காணப்பட்டது, அதிலிருந்து கணிக்கப்படும் ஆன்டிஜென் நிலை என்ன, சீராலஜியோடு அது பொருந்துகிறதா என்ற வரிசையில் எழுதுங்கள். ‘கணிக்கப்படும்’ என்ற சொல் அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். மருத்துவருக்கு வேண்டிய வரி தனியே, மேலே, பொடி எழுத்தில் அல்லாமல் இருக்கட்டும்: இவருக்கு ஓ வகை ரத்தம் ஏற்றக் கூடாது, பம்பாய் வகை ரத்தம் மட்டுமே.

பம்பாய் வகை, இரண்டு பெற்றோரிடமிருந்தும் மாற்றத்தைப் பெற்றால் மட்டுமே வெளிப்படுவது. ஆகவே உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில் தேடல் பலன் தரும் வாய்ப்பு கூடுதல். கொடையாளியைத் தேட உடன்பிறந்தோர் எல்லோருக்கும் வரிசையாக்கம் செய்ய வேண்டியதில்லை. லெக்டின் சோதனையே போதும், செலவும் சொற்பம். கிடைத்தவர்களை அரிய கொடையாளர் பதிவேட்டில், அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு சேர்க்க வேண்டும். மும்பையின் தேசிய நோய்த்தடுப்புக் குருதியியல் நிறுவனம் இந்தியாவுக்கான பதிவேட்டை நடத்துகிறது, நாடு கடந்த தேவைக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டலை மையமாகக் கொண்ட பன்னாட்டுக் குழு உதவுகிறது. நோயாளியின் உடல்நிலை இடம் கொடுத்தால் அவருடைய ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைப்பதும் ஒரு வழி.

குடும்பத்தாரோடு பேசும்போது நாவடக்கம் தேவை. ‘ஓ’ என்று அட்டையில் எழுதப்பட்ட தந்தைக்கு ஏபி வகைக் குழந்தை பிறந்தால், பாடப்புத்தகம் படித்த எவருக்கும் ஒரு தவறான எண்ணம் வரும். தந்தை உண்மையில் பம்பாய் வகையாக இருந்து, தன் சிவப்பணுவில் வெளிப்படாத ஏ அல்லது பி மரபணுவைக் குழந்தைக்குக் கொடுத்திருக்கலாம். அவருடைய ஏபிஓ மரபணுவைச் சோதித்தால் அது விளங்கிவிடும். மறுபுறம், குடும்ப ஆய்வில் நாம் தேடாத உண்மைகளும் வெளிப்படலாம்; எதைத் தெரிவிப்போம், எதைத் தெரிவிக்க மாட்டோம் என்பதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஒப்புதல் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணியின் பிளாஸ்மாவிலிருந்து சிசுவின் ஆர்எச்டியைக் கணிக்கும் சோதனையைத் தொடங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிசுவின் டிஎன்ஏ கிடைத்ததா என்று உறுதிசெய்யச் சில நாடுகளில் ஒய் குரோமோசோம் குறியீட்டைக் கட்டுப்பாடாக வைக்கிறார்கள், சிசுவின் பாலினத்தைக் கண்டறிவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்யும் இந்தியாவில் அந்தக் கட்டுப்பாடு நமக்கு உதவாது, வேறு குறியீடுகளையே தேட வேண்டும்.

மீதமுள்ள டிஎன்ஏவை ஒப்புதல் இருந்தால் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 பாகையில் வையுங்கள். 725ஆம் இடம் மாறியது உறுதியான அந்தக் குழாய்தான் அடுத்த பம்பாய் மாதிரி வரும் நாளில் உங்கள் கட்டுப்பாடு.